நாலு முழ நாடா

"இவ்வளவு நீளத்துக்கு நாடாவா? நாற்காலியைக் கட்டப் போறீங்களா, யானையைக் கட்டப் போறீங்களாம்மா?"

குஷன் தைக்கிறவருக்கு வாய் சும்மா இருக்காது. அந்த வீட்டு வராண்டாவில் மண்டி போட்டு, நாற்காலியின் மேல் செய்தித்தாளை விரித்து அச்சு வெட்டிக்கொண்டிருந்தார். வெயிலிலும் மழையிலும் கிடக்கிற நாற்காலிகளில் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது, டேப்பை மட்டும் நம்பினால் குஷன் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பது அவர் கட்சி.

வீட்டுக்காரம்மா சிரிக்கவில்லை.

"என் நாற்காலிக்குச் சாதாரண நாடா போதும். அவர் நாற்காலியில முதுகுக் குஷனுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் நாலு நாலு முழம். நாலு விரல் அகலம். இழுத்தா பிய்யக் கூடாது."

"அவ்வளவு கெட்டியா எதைம்மா கட்டணும்?"

"அவரைத்தான்."

கத்தரிக்கோல் பாதி வெட்டில் நின்றது.

விளையாட்டுக்குச் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை. உள்ளே போய் ஒரு காக்கிச் சட்டையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"துணி இந்தக் கலர்லயே இருக்கணும். நாடா சட்டையோட சட்டையாப் போயிடணும். முடிச்சு பின்னாடி. தெருவுல போறவங்களுக்குக் கட்டியிருக்கிறதே தெரியக் கூடாது."

குஷன்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அந்தச் சட்டைக்காரரை அவருக்குத் தெரியும். இந்த ரூட்டில் இருபது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன். ஹாரன் அடித்தால் அடுத்த ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் சில்லறை தேடுவார்கள். ரிட்டயர் ஆன பிறகு ஆளையே காணோம். இப்போதல்லவா காரணம் தெரிகிறது!

"அவர் எங்கேம்மா?"

"உள்ளே. தூங்கறார். புதன்கிழமை சாயங்காலம் வேணும்." அத்தோடு பேச்சை முடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தவர் காபியைக்கூடத் தொடாமல் மனைவியிடம் கொட்டித் தீர்த்தார்.

"புருஷனைக் கட்டிப் போடப் போறாளாம்டி! அதுவும் வெளியில தெரியாம! என்னைப் போய் நாடா தைக்கச் சொல்றா!"

"அடிப் பாவி! அவ பொம்பளையா, பேயா? நீங்க தைச்சுக் கொடுத்தீங்கன்னா அந்தப் பாவம் நமக்கும்தான், சொல்லிட்டேன்."

அவருக்கும் அதுதான் பட்டது. மெஷினில் உட்கார்ந்தார். குஷன்களில் ஒரு குறை வைக்கவில்லை. தண்ணீர் ஒட்டாத காக்கித் துணி, ஓரமெல்லாம் பைப்பிங், அடியில் ஜிப். நாடா மட்டும் எல்லாவற்றிலும் ஒரே அளவு. ஒரு முழம். நாற்காலிக் கம்பியில் கட்ட அது போதும், மனுஷனைக் கட்டப் போதாது. அன்றைக்கு ராத்திரி அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் குஷன்களை எடுத்துக்கொண்டு போனார். வாசலிலேயே காத்திருந்தாள். வாங்கியதும் முதுகுக் குஷனை நாற்காலியில் சாய்த்து வைத்து, நாடாக்களை இரண்டு கையாலும் முன்பக்கம் இழுத்தாள். ஒரு ஆளைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட நீளம் எட்டாது.

"நாலு முழம் சொன்னேனே…"

"சொன்னீங்க. நான்தான் தைக்கலை." உள்ளே இருக்கிற மனுஷனுக்குக் கேட்டால் சங்கடப்படுவாரே என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இத்தனை நாள் சம்பாதிச்சுப் போட்டவரும்மா. அவரை மாடு கட்டற மாதிரி கட்டி வைக்கிறதுக்கு என் கையால நாடா தைக்க மாட்டேன். உங்களுக்கெல்லாம் மனசே கிடையாதா?"

அவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சரியான இடத்தில்தான் உறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"வந்தாச்சா?" உள்ளேயிருந்து குழறலாக ஒரு குரல்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கதவை முழுசாகத் திறந்தாள்.

சக்கர நாற்காலியில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். இளைத்துப் பாதி ஆள்தான் இருந்தார். தலை படிய வாரி, காக்கிச் சட்டைக்குக் கழுத்துவரை பட்டன் போட்டு, எங்கேயோ கிளம்புகிறவர் போல இருந்தார். இடது கை மடியில் செத்துக் கிடந்தது. குஷன்காரரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாரோ என்னவோ, உடம்பு மொத்தமும் இடப்பக்கம் சரிந்தது. அவள் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள்.

குஷன்காரர் தொங்கிக்கொண்டிருந்த நாடாக்களைக் குஷனுக்குப் பின்னால் தள்ளி மறைத்தார்.

"கட்டிப் பார்த்தியா? வெளியே தெரியுதா?" டிரைவர் ஆசையாகக் கேட்டார்.

அவள் ஒரு நொடி குஷன்காரரைப் பார்த்தாள்.

"எல்லாம் அழகா வந்திருக்கு. நாடா மட்டும் கொஞ்சம் பாக்கியாம். நாளைக்குத் தந்துடறாராம்."

"நாளைக்கா? பரவாயில்லை, பரவாயில்லை. நாலு மாசம் உள்ளேயே இருந்தாச்சு, ஒரு நாள்ல என்ன." வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தார். "கட்டலைன்னா விழுந்துடுவேன் தம்பி. முன்னே ஒரு தடவை சேலையால கட்டி வாசல்ல உட்கார வெச்சா. போறவன் வர்றவன் எல்லாம் நின்னு, 'புருஷனைக் கட்டிப் போட்டிருக்காளே, மனசே கிடையாதா'ன்னு இவளைத் திட்டிட்டுப் போனான். அன்னிலேருந்து நான்தான் வெளியே வர மாட்டேன்னுட்டேன்."

நல்ல கையால் குஷன்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குப் புண்ணியம் தம்பி. இனிமே ஒருத்தனும் இவளை ஒரு வார்த்தை சொல்ல முடியாது."