பின்சீட்டு

பொற்கொடி பைக் ஓட்டப் பழகிய நாளெல்லாம் பின்சீட்டில் கணவன் தவசீலன் இருந்தான். அவனுடைய கனத்தோடு சேர்த்துத்தான் அவளுக்கு வண்டி பழகியிருந்தது. "இறங்கும்போது சொல்லிட்டு இறங்குங்க, சரியா?" என்பாள். "சொல்லாம எங்க போகப்போறேன்? நீ ரோட்டப் பாரு" என்பான். ஒருநாள் மதியம் சாப்பிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குக் கிளம்பியபோது வெறும் வண்டி இரண்டு பக்கமும் அல்லாடியது. தெருமுனையைக்கூடத் தாண்ட முடியவில்லை. திரும்பி வந்து, சிமெண்டுச் சாக்கில் மணலை நிரப்பி, பின்சீட்டில் நிமிர்த்தி உட்காரவைத்துக் கட்டினாள். வண்டி சொன்னபடி கேட்டது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவள் ஒவ்வொரு திருப்பத்திலும் "பிடிச்சுக்கோங்க" என்றாள். அப்படி ஒரு சாயங்காலம், மேம்பாலத்தில் லாரியை முந்தி, சந்தை நெரிசலில் வளைந்து நெளிந்து, எங்கேயும் கால் ஊன்றாமல் வீடு வந்து சேர்ந்தவள் பெருமையோடு திரும்பிப் பார்த்தாள். கம்பி உரசிச் சாக்கின் அடி கிழிந்திருந்தது. கயிற்றில் வெறும் சாக்கு, கழற்றிப்போட்ட சட்டை மாதிரித் தொங்கியது. தெருவில் ஒரு பொட்டு மணல்கூட இல்லை. வெகுதூரத்துக்கு முன்னாலேயே தீர்ந்திருக்க வேண்டும். இஞ்சினை அணைக்காமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "இந்தத் தடவையாவது சொல்லியிருக்கலாம்ல" என்றாள்.