முதல் பெயர்

நாய் மறுபடியும் கம்பளத்தின் மேல் வாந்தி எடுத்திருந்தது.

"டாக்டரம்மா, ஆச்சா?" மாடியிலிருந்து குரல் வந்தது.

"ஆச்சு சார்." அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, பழைய செய்தித்தாளால் வழித்தெடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். விரல் இடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

அவள் கால்நடை டாக்டர் இல்லை. எந்த டாக்டருமே இல்லை, இன்னும். பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்காக, மாடியிலிருந்து குரல் கொடுத்த பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்பவள். 'எப்படியும் ஆகப்போறவதானே' என்று சிரித்துக்கொண்டே அவர் வைத்த பெயர் அது. நாயைக் குளிப்பாட்டுவது, அவர் மனைவியைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போவது, அவர் திருத்த வேண்டிய விடைத்தாள்களைத் திருத்துவது எல்லாம் அந்தப் பட்டத்தில் அடக்கம்.

கையைக் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனாள். பேராசிரியர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகன், மேஜை மேல் காலை நீட்டிக்கொண்டு போனில் விளையாடிக்கொண்டிருந்தான்.

"வா வா. உன் கட்டுரையைப் பிரமாதமா ஆக்கிட்டேன் பாரு."

குறைந்தபட்சக் கூலியை அரசு உயர்த்தியதும் சின்னக் கடைகள் என்ன ஆயின என்பதுதான் கட்டுரை. ஒரு கோடை முழுக்க அவள் கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்தது. கடைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் முன்போலவே ஓடிக்கொண்டிருந்தன.

ஆனால் திரையில் இருந்த அட்டவணையில் பாதிக் கடைகளுக்கு நேராக 'மூடப்பட்டது' என்று இருந்தது. போன வாரம் அவள் தன் கைப்பைக்கு ஜிப் வைத்து வாங்கிய தையல் கடையும் அதில் செத்துக் கிடந்தது.

"சார், இந்தக் கடையெல்லாம் திறந்துதான் சார் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே! கூலியை ஏத்தினா கடை மூடும்னு நான் போற இடமெல்லாம் பேசியிருக்கேன். ஒண்ணுமே நடக்கலைன்னு எழுதினா எவன் போடுவான்?"

"யாராவது நேர்ல போய்ப் பார்த்தா?"

"அவனவனுக்கு வேற வேலை இல்லையா?" என்றார். "அப்புறம், முதல் பேரு இவனோடது. மேல்படிப்புக்கு அப்ளை பண்றான், உதவும். அடுத்தது நான். கடைசியில நீ."

மகன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "தேங்க்ஸ்" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கட்டுரை எதைப் பத்திப்பா?" என்று கேட்டான்.

அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கீழே துடைத்தபோதுகூட அப்படி வரவில்லை.

"தப்பு சார் இது. பழைய நம்பரையே போடுங்க சார்."

"உன் தீசிஸ்ல கையெழுத்துப் போட வேண்டியது யாரு, டாக்டரம்மா?" அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை.

அவள் திரையில் கடைசியாக இருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

"அப்போ என் பேரை எடுத்துடுங்க சார்."

"என்ன, கோவமா?"

"இல்லை சார். நீங்களும் தம்பியும் மட்டும் இருந்தா பார்க்கவும் நல்லா இருக்கும். கடைசியில நன்றின்னு ஒரு வரி இருக்கே, அதுலயும் வேண்டாம்."

அவர் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்து, அவள் கண் முன்னாலேயே இரண்டு இடத்திலும் அவள் பெயரை அழித்தார். "பெரிய மனசும்மா உனக்கு!"

வீட்டில் அக்கா கொதித்தாள். "வெயில்ல அலைஞ்சு கறுத்தது நீ. பேரு அந்தத் தறுதலைக்கா? சூடு சொரணை வேண்டாமாடி? உன்னைப் பார்த்தாலே அருவருப்பா இருக்கு."

"எனக்கும் அருவருப்பாத்தான்க்கா இருந்துச்சு. அதான் கையைக் கழுவிட்டு வந்துட்டேன்."

"மறுபடி அந்த நாயா? சோப்பு போட்டியா?" என்றாள் அக்கா, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

கட்டுரை பெரிய இதழில் வெளிவந்தது. அப்பாவும் பிள்ளையும் பூச்செண்டோடு துறை வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கேமராவை அவளிடம்தான் கொடுத்தார்கள். அந்தக் குஷியில், அவளுடைய தீசிஸைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் பேராசிரியர்.

ஒரு நாள் காலை, திருத்திய விடைத்தாள் கட்டோடு அவள் அவர் அறையில் நின்றிருந்தபோது போன் அடித்தது. பேசியவர் அந்த இதழின் ஆசிரியர். இன்னொரு பாராட்டு என்று நினைத்து, அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார் பேராசிரியர்.

"சார், உங்க கட்டுரையைப் படிச்ச ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கடைகளுக்கே நேர்ல போயிருக்காங்க. மூடிட்டதா நீங்க போட்ட கடையில டீ வாங்கிக் குடிச்சிட்டு எங்களுக்கு எழுதியிருக்காங்க. போட்டோவோட. உங்க பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பியிருக்காங்க."

பேராசிரியரின் முகம் வெளிறியது. அலைந்த கண் அவள் மேல் வந்து நின்றது.

"அது... அது என் மாணவி பண்ணின வேலை சார். கடை கடையாப் போனது, நம்பர் போட்டது எல்லாமே அவதான். பாவம்னு நம்பினேன், கழுத்தை அறுத்துட்டா. இன்னைக்கே அவளை ஆராய்ச்சியில இருந்து தூக்கிடறேன்!"

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"எந்த மாணவி சார்? இதுல அப்படி யார் பேரும் இல்லையே!"