எட்டு, கே, நாலு, எம்

பார்வையற்ற பங்கிராசுக்கு எரிச்சல் தலைக்கேறியது. ஆசிரியர் வேலைக்கான விண்ணப்பம் ஐந்து மணிக்குள் போயாக வேண்டும். இணையப் பக்கத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருளோ, படத்திலுள்ள எழுத்துகளை அடிக்க வேண்டிய இடத்தில், நான்காவது முறையாக "படம்" என்று மட்டும் சொல்லி நின்றது.

"இதச் செஞ்சவன் ஒருதடவையாச்சும் கண்ணை மூடிக்கிட்டுப் பாத்திருப்பானா? ஏத்தா இவாஞ்சலின், வந்து வாசி!"

தங்கை வந்தாள். "எட்டு, கே, நாலு, எம்."

அடித்தான். விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்றது மென்பொருள்.

அப்பாடா என்று சாய்ந்தபோதுதான், கணினித் திரையைப் பழுதுபார்க்கத் தேனிக்கு அனுப்பி ஒரு வாரமாகிறது என்பது நினைவுக்கு வந்தது. கையை நீட்டித் துழாவினான். வெறும் மேசை.

"இருண்ணே," என்றாள் இவாஞ்சலின், "கீழ இன்னும் எழுத்து வந்துக்கிட்டே இருக்கு."