புகழ்ந்தால் பிடிக்காது

மைக்கைப் பிடித்திருந்த தனசேகரனின் நாக்கு குழற ஆரம்பித்ததை மேடையில் ஒருவர்தான் கவனித்தார். அவர் விழா நாயகர், டாக்டர் தைரியநாதன். கவனிக்காமல் எப்படி இருப்பார்? பக்கவாதத்தை ஆராய்ச்சி செய்தே பேர் வாங்கியவர், அந்தப் பேரால் போன மாதம் துணைவேந்தரும் ஆனவர்.

"மருத்துவ மாமேதை" என்று ஒழுங்காகத்தான் தொடங்கினார் தனசேகரன். அடுத்த முறை அது "மாருத்துவ மேமதை" ஆனது. அதற்கும் வெள்ளிமலைப் பள்ளி மைதானம் கை தட்டியது. நம் ஊர்க் கூட்டங்களில் கை தட்டுவதற்குப் பேச்சு புரிய வேண்டும் என்று கட்டாயமா என்ன?

தனசேகரன் விழாக் குழுத் தலைவர், கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர். "விழா வேலையில பிரஷர் மாத்திர போடறதையே உட்டுட்டேன் டாக்டர்" என்று காலையில் மாலை போடும்போதே சொல்லிச் சிரித்திருந்தார். அப்போதே நாலு அதட்டு அதட்டாமல் விட்டோமே என்று இப்போது டாக்டருக்குப் பதறியது.

இந்த நோயில் தாமதிக்கிற ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குச் சேதம். மலைப்பாதையில் இறங்கிக் கள்ளக்குறிச்சி போய்ச் சேரவே வெகுநேரம் ஆகும். சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஒரு பிரசவக் கேசை ஏற்றிக்கொண்டு கீழே போயிருந்தார். இந்த நேரத்தில் மலை மேல் இருக்கும் ஒரே டாக்டர், மேடையில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் இவர்தான்.

எழுந்தார். எழவிட்டால்தானே! கழுத்தில் மாலைக்கு மேல் மாலை, தோளில் பொன்னாடைக்கு மேல் பொன்னாடை. விழாவைத் தொகுத்து வழங்கிய ரம்யா டீச்சர் ஓடி வந்து தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"உக்காருங்க சார். புகழ்ந்தா உங்களுக்குப் புடிக்காதுன்னு எங்களுக்குத் தெரியாதா? இன்னிக்கு ஒரு நாளு பொறுத்துக்குங்க!"

ஸ்பீக்கர் இரைச்சலில் அதுவே பாதிதான் அவர் காதில் ஏறியது. முன்வரிசையில் தங்கை பாக்கியம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அண்ணனுக்கு மரியாதை செய்கிறார்கள் என்று மணலூர்பேட்டையிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவள்.

தனசேகரன் பேசுவது இப்போது தமிழாகவே இல்லை. நடுவில் கூட்டம் கொல்லென்று வேறு சிரித்தது. பந்தல் நிழலில் அவர் முகத்தில் ஒரு பாதி சரியாகத் தெரியவில்லை. அந்தப் பக்கம் தொங்கிவிட்டது, சந்தேகமே இல்லை என்று டாக்டர் முடிவு கட்டினார்.

நாற்காலிக்குப் பின்னால் நின்று பொன்னாடைகளை மடித்துக்கொண்டிருந்த பகலவனை ஜாடை காட்டி அழைத்தார். "ஆம்புலன்ஸ் வரச் சொல்லுப்பா. சீக்கிரம்."

பகலவன் குனிந்து கேட்டான், முழித்தான், பெரிதாகத் தலையாட்டினான். போனவன் திரும்பி வந்தது ஒரு சோடா பாட்டிலோடு.

இவனை என்ன செய்வது! எரிச்சலோடு அதை வாங்கி ஓரமாக வைக்கப் பார்த்தார். இத்தனை மாலைக்குள் வலது கை எங்கே சிக்கிக்கிடக்கிறது என்றே தெரியவில்லை. சோடா மடியெல்லாம் கொட்டியது.

டாக்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. படித்த படிப்பு, எழுதிய கட்டுரைகள், வந்த பதவி எதுவும் இந்த நேரத்துக்கு உதவவில்லை. கண்ணெதிரே ஒரு மனிதர் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார், காப்பாற்றத் தெரிந்தவரைப் பூமாலை போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அவர் கன்னத்தில் வழிந்ததை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து ஜனம் இன்னும் பலமாகக் கை தட்டியது.

இனி மரியாதை பார்த்தால் ஆகாது. தட்டுத்தடுமாறி எழுந்து போய் மைக்கைப் பிடுங்கினார். பதற்றத்தில் பிறந்த ஊர்ப் பேச்சே வந்தது.

"யோவ், இவருக்குப் பக்கவாதம் வந்துக்கினு இருக்குது! இன்னா வேடிக்க பாத்துக்கினு கீறீங்க? வண்டியில ஏத்துங்க!"

கைதட்டல் பட்டென்று நின்றது. மைதானம் கப்சிப். அப்பாடா, ஒரு வழியாகப் புரிந்துவிட்டது!

தனசேகரன் ஓரடி பின்வாங்கி அவரையே பார்த்தார். ரம்யா டீச்சரின் கையிலிருந்த அட்டை கீழே விழுந்தது. பாக்கியம் செருப்பைக்கூட மாட்டாமல் மேடைப் படியேறி ஓடி வந்தாள். தனசேகரனைத் தாங்கிப் பிடிக்கத்தான் வருகிறாள் என்று டாக்டர் ஒதுங்கி வழி விட்டார்.

அவள் தனசேகரனைத் தாண்டி வந்து இவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என்னவோ கேட்டாள். அதுவும் குழறலாகவே இருந்தது. மாதாவே, இவளுக்குமா?

நடுவில் மாட்டிக்கொண்ட மைக்கில் பாக்கியத்தின் அலறல் வெள்ளிமலை முழுக்கக் கேட்டது. அவருக்குத்தான் அதில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

"ஐயோ, எங்க அண்ணனுக்கு வாய் கோணிக்கினு போவுதே... யாரனா ஒரு டாக்டர கூப்புடுங்க!"