எட்டு மாதப் பயிற்சி

"நரம்பியல் படிச்சிருக்காங்களாம். பாஸ் பண்ணினாங்களா, இல்ல காப்பி அடிச்சாங்களா, யாரு கண்டா?" என்றது கொக்கியின் குரல்.

தலைமை மருத்துவருக்குச் சுர்ரென்று ஏறியது. மூளை தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் இளைய டாக்டர் அவன். எதற்கெடுத்தாலும் கேள்வி போடுவதால் கொக்கி என்று பெயர் வைத்ததே அவள்தான். அவளுடைய தகுதியை விசாரிக்க இவனா கிடைத்தான்?

முகத்துக்கு நேராக விளக்கு அடித்தது. எதிரே இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

"அப்புறம் தீவிர சிகிச்சையில தனிப் பயிற்சியாம். எத்தனை நாள் தெரியுமா? வெறும் எட்டு மாசம்!"

எட்டு மாதமா? முழுசாக இரண்டு வருடம்! சொந்தத் தங்கை கல்யாணத்தன்றுகூட, மூளையில் ரத்தம் கசிந்த ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தங்கை அடுத்த ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சொல்ல வாயெடுத்தாள். நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து யாரோ அவள் கட்டைவிரல் நகத்தைப் பேனாவால் அழுத்தினார்கள். கணவராகத்தான் இருக்கும். சண்டை என்றாலே சந்து பார்த்து நழுவுகிற மனிதர், பேசாதே என்கிறார். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"போதும் தம்பி. பாவம்ப்பா, விட்டுடு..." கணவரின் குரல் தழுதழுத்தது.

"நீங்க சும்மா இருங்க சார். பொய்யின்னா அவங்களே சொல்லட்டும். வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?" அவன் நிறுத்தவில்லை. "எப்படியும் நாளைக்கு இந்தப் பிரிவுக்கு வேற தலைவர் வர்றாரு. தோல் டாக்டர்."

தோல் டாக்டரா! கட்டில் கட்டிலாகக் கெஞ்சி வாங்கி அவள் கட்டி எழுப்பிய பிரிவு. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எட்டு மாதம் எட்டு மாதமாகவே நின்றுவிடும்; பிரிவும் கைவிட்டுப் போய்விடும்.

முடியாது. செத்தாலும் விடமாட்டேன்.

தொண்டையை அடைத்திருந்த பாறாங்கல்லை, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டிப் புரட்டித் தள்ளினாள்.

"ரெண்டு... வருஷம்டா... மடையா!"

யாரோ ஓவென்று அழுதார்கள்.

விளக்கு விலகியது. கலங்கலாகத் தெரிந்த கொக்கியின் முகம் மெல்லத் தெளிந்தது. மூக்கு சிவந்து, கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னும் நாலு திட்டுங்க மேடம்! பன்னெண்டு நாளா கோமாவுல கிடந்தீங்க, பாசமாக் கூப்பிட்டதுக்கெல்லாம் கண்ணே தெறக்கலையே!"