வெர்லாவின் கடைசிப் பக்கம்

ஆக்டன் நூலக அரங்கில் மார்மன் கிறிஸ்தவச் சபையில் இருப்பவர்களும் விட்டவர்களும் கூடும் சிந்தனை மாநாட்டின் கடைசி அமர்வு. மடக்கு நாற்காலிகள் மேல் சாயங்கால வெயில் சரிந்து கிடக்கிறது. பாதிப் பேர் கொட்டாவி விடுகிறார்கள். சபையைத் தான் ஏன் விட்டேன் என்ற கட்டுரையை வெர்லா வாசித்து முடிக்கிறாள். விட்டுப் பன்னிரண்டு வருஷம். இன்னமும் ஞாயிறுதோறும் தனியாகச் சபைக்குப் போகிற கணவன் டெல்மர் பின்வரிசையில் இருக்கிறான். அவள் தாளை மடிக்கும்போது, அலுப்பில், சபையில் பேச்சை முடிக்கும் சிறுவயதுப் பழக்கம் வாயில் வந்துவிடுகிறது: "இயேசு கிறிஸ்துவின் நாமத்தில்." "ஆமென்" என்கிறது அரங்கம் மொத்தமும்; விட்டவர்களும்தான். அப்புறம் ஒரே சிரிப்பு. அவள் இறங்கி வந்து டெல்மர் பக்கத்தில் தொப்பென்று உட்காருகிறாள்.

"உன் குரல்தான் முதல்ல கேட்டுச்சு. கிண்டலா?"

டெல்மர் அவள் கோட்டை எடுத்துத் தோளில் போர்த்துகிறான்.

"இல்லம்மா. நீ பேசி நான் ஆமென் சொல்லிப் பன்னெண்டு வருஷமாச்சு."