மூத்த சுமங்கலி

தையல்நாயகிக்குத் தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு, தறிக்குப் பக்கத்தில் பலகையில் உட்காரவைத்திருந்தார்கள்.

இன்னும் சற்று நேரத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். தாலியையும்தான்.

அவள் புருஷன் கந்தனுக்குப் பதினாறாம் நாள் கருமாதி. ஆண்பிள்ளைகள் பார்க்கக்கூடாதென்று எங்களைத் தெருவுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் சட்டையில் மெடல்களைக் குத்திக்கொண்டு வாசலில் நின்றேன். பட்டாளத்தில் செத்தவனுக்கு அதுதான் மரியாதை என்று கந்தனின் அப்பா கண்ணாயிரம் கேட்டுக்கொண்டான்.

இரண்டு உலக யுத்தத்துக்கும் போய் முழுசாகத் திரும்பியவன் நான், சுபேதார் அப்பாதுரை. முதல் மெடல் பஸ்ரா பக்கத்தில், குண்டடி பட்ட ஒருவனைத் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே முதுகில் சுமந்து வந்ததற்கு. இரண்டாவது பர்மாவில். அதெல்லாம் இப்போது எதற்கு, விடுங்கள்.

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் யாருக்குத் தந்தி வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். இந்த டிசம்பரில் மேற்கு எல்லைச் சண்டைக்குப் போன கந்தனைப் பற்றி வந்த தந்தியையும் கொண்டுவந்தார்கள். அவனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட்டவனும் நான்தான்.

படித்துவிட்டு, போய்விட்டான் என்று சொன்னேன்.

தந்தியில் அப்படி இல்லை. காணவில்லை என்றுதான் இருந்தது.

ஏன் பொய் சொன்னேன்? என் வீட்டில் நீலாம்பாள் இருக்கிறாளே, அவளால்தான்.

என் தம்பி ஆதிகேசவனின் மனைவி. என்னோடு பஸ்ராவுக்குக் கப்பலேறிய தம்பி திரும்பவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இன்றைக்கும் அவன் வருவான் என்று ஒரு பிடி சோறு எடுத்துவைக்கிறாள். தெருவில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துவிடுகிறாள்.

அந்தக் கொடுமை இன்னொருத்திக்கு வேண்டாம். தையல்நாயகிக்கு இருபத்திரண்டு வயது. அழுது தீர்த்துவிட்டுத் தன் பிழைப்பைப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பெரிய கடவுள் நான்.

உள்ளே ஒப்பாரி எழுந்தது.

கந்தன் எங்காவது ஒரு முள்வேலிக்குள் உயிரோடு உட்கார்ந்திருந்தால்? திரும்பி வந்து இவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்தால்? தந்தி வந்த நாளிலிருந்து எனக்கு இதே நினைப்புதான்.

உள்ளே ஓடினேன். பெண்கள் பதறி எழுந்தார்கள்.

"நிறுத்துங்கமா. செத்துட்டான்னு தந்தில இல்ல. காணோம்னுதான் இருக்குது. நான்தான் மாத்தி சொல்லிட்டேன்."

பின்னாலேயே வந்த கண்ணாயிரம் என் சட்டையைப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதான். தையல்நாயகி தாலியைக் கையால் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் என்னைத் திட்டி ஓய்ந்த பிறகு, கந்தனின் அத்தை பெரியநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீலாம்பா அம்மாவ கூட்டியாங்கபா. இத்தினி வருசமா தாலிய காப்பாத்திக்கினு இருக்குற கை அது. அந்தக் கையால குங்குமம் வச்சாதான் நிலைக்கும்."

தாலி கழற்றும் இடத்தில் சுமங்கலி நிற்கக்கூடாதென்று காலையில் அவளை வீட்டோடு இருக்கச் சொன்னவளும் இதே பெரியநாயகிதான்.

நீலாம்பாள் வந்தாள். அறுபத்தெட்டு வயது. முகத்தில் மஞ்சள், வெள்ளைக் கொண்டையில் மல்லிகை. தையல்நாயகியின் நெற்றியிலும் வகிட்டிலும் குங்குமம் வைத்து, தாலியிலும் ஒரு பொட்டு வைத்தாள். அவன் வந்துவிடுவான் என்று அவள் கன்னத்தைத் தடவினாள். அங்கிருந்த பெண்களெல்லாம் வரிசையாக நீலாம்பாளின் காலில் விழுந்தார்கள்.

என் கை முதல் மெடலைப் பிடித்துக்கொண்டது.

அன்று என் முதுகில் இருந்தவன் ஆதிகேசவன். கூடாரத்துக்கு வந்து இறக்கியபோது உயிர் இல்லை. குழி வெட்டி மண் தள்ளியவனும் நான்தான்.

ஊருக்குத் திரும்பிய அன்று, தலையில் பூவோடு வாசலில் நின்ற பதினாறு வயது நீலாம்பாள், யாருக்கும் படிக்கத் தெரியாமல் பத்திரமாக வைத்திருந்த பட்டாளத்துக் காகிதத்தை என்னிடம் நீட்டினாள்.

காணவில்லை என்று படித்தேன்.